கொடி சுற்றிப் பிறந்தவள்

என் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது, பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்சம்மா முதலில் தேடியது குழந்தையின் அப்பாவை அல்ல, என்னை.

"இதுல தாய்மாமன் யாருங்க?"

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தவன் நான். அதுவரை என்னை யாரும் அவ்வளவு அவசரமாகத் தேடியதில்லை. பொன்னாடை வாங்கப் போகிறவன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நீங்க அப்படியே திரும்பிப் பாக்காம கீழ போயிடுங்க. குழந்தைய வெளிய கொண்டு வரோம்."

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்திருந்தாள். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். அந்த நர்சம்மாவுக்கும் சட்டம்தான் போலிருக்கிறது. மாமன்காரன் குழந்தையை நேராகப் பார்ப்பதற்கு முன்னால் அதன் முகத்தை எண்ணெயில் பார்த்துவிட வேண்டும். கண்டம் எண்ணெயோடு போய்விடும். முந்திக்கொண்டு நேரில் பார்த்துவிட்டால் மாமனின் ஆயுளுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆகவே, ராத்திரி முழுக்க வலிப்பட்டுப் பெற்றவள் என் அக்கா. ஆனால் வந்த உறவுக்காரர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை வாசலில் நின்றிருந்த என்னைத்தான் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். "பாத்து ரோடு கிராஸ் பண்ணுடா" என்றார் ஒரு சித்தப்பா. அக்காவின் கணவர் எங்கள் அத்தை மகன்தான், சைதாப்பேட்டைக்காரர், பஸ் கண்டக்டர். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். அவரும் அன்று என் தோளில் கை போட்டு, "மச்சான், நீ பயப்படாத. நா கீறேன்ல" என்றார். பிள்ளை பெற்ற சந்தோஷத்தைக்கூட மனுஷன் அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

அக்காவும் குழந்தையும் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நான் அபிராமபுரத்தில் ஒரு நண்பன் அறையில் தலைமறைவாக இருந்தேன். தீட்டுக் கழித்த அன்று வரச் சொன்னார்கள். கூடத்தில் அம்மா ஒரு வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். மாமா குழந்தையைத் தூக்கி எனக்குப் பின்பக்கம், தோளுக்கு மேலே பிடித்தார். நான் குனிந்து கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

"எண்ணெய் புதுசாம்மா, இல்ல அப்பளம் பொரிச்சதா?" என்று கேட்டேன்.

"வாய மூடுடா. உன் உசுரு விஷயம்" என்றாள் அம்மா.

எண்ணெயில் முதலில் என் மூக்கு தெரிந்தது. அது எதில் பார்த்தாலும் முதலில் தெரியும். பிறகு அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம், கண் மூடி, கொஞ்சம் ஊதினாற்போல, மஞ்சளாக. நல்லெண்ணெயில் எதுவுமே மஞ்சளாகத்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். "போதும், இப்ப நேராப் பாரு" என்றாள் அம்மா. திரும்பிப் பார்த்தேன். நேரிலும் மஞ்சளாகத்தான் இருந்தாள்.

"பச்சைப் பிள்ளைக்கு காமாலை சகஜம்தான். காலை வெயில்ல காட்டினா ஓடிப்போயிடும்" என்றார்கள். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. நான் பிழைத்துக்கொண்டேன்.

*

மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் ஓடவில்லை. மொட்டைமாடி வெயிலில் வாரக்கணக்கில் காட்டிய பிறகு மெல்லக் கரைந்தது. ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஏனென்றால் குழந்தை அப்படி ஒரு சமத்து. அழுவதே இல்லை. பாலுக்குக்கூட நாம்தான் எழுப்ப வேண்டும். நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள். பகலில் தூங்கி ராத்திரியில் ஆட்டம் போடும் பிள்ளைகளைப் பெற்ற தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் போனதும் அம்மா மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுவாள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் மீன்காரம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு எட்டிப் பார்ப்பார். "இன்னாமா இது, வூட்ல கொயந்த கீதா இல்லியான்னே தெர்ல? நான் பெத்ததுங்க கத்துன கத்துல கட்டுமரம் கரைக்கு வராம நின்னுக்கினு இருக்கும். இது பொம்ம மாதிரி கீது."

அக்காவுக்குப் பெருமை தாங்காது. "என் பொண்ணு தொந்தரவே குடுக்க மாட்டா" என்பாள்.

எனக்கு மட்டும் அவளிடம் ஒரு குறை இருந்தது. அவள் சிரிக்கவில்லை. நான் அந்தக் குடும்பத்தின் கோமாளி, கடையிலும் அப்படித்தான். முகம் சுளித்துக்கொண்டு வரும் பெண்களை இரண்டு வார்த்தையில் சிரிக்க வைத்து, ஒரு ரவிக்கைத் துணி கேட்டவர்களுக்கு மூன்று கிழித்துக்கொடுப்பேன். அப்படிப்பட்டவன் தினமும் சாயங்காலம் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காக்காய் மாதிரிக் கத்தினேன். குக்கர் மாதிரி விசில் அடித்தேன். எங்கள் மேனேஜர் தும்மும் விதத்தை மூக்கிலிருந்து ஆரம்பித்து இடுப்புவரை நடித்துக் காட்டினேன். அவள் பார்ப்பாள். மார்கழிக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர்ப் பெரியவர் மாதிரி, லயித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று பாடுகிறவருக்கே தெரியாத ஒரு பார்வை.

"உன் ஜோக்குக்கு சிரிக்காத ஒரே ஆளு என் பொண்ணுதான்டா. நல்ல ரசனை" என்பாள் அக்கா.

அவளுடைய நாக்கு சதா உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கிட்டே போகும்போதெல்லாம் அந்த நாக்கு தெரியும். "பாரு, மாமனுக்குப் பழிப்புக் காட்டுறா" என்று வீடே சிரிக்கும். நானும் பதிலுக்கு நாக்கை நீட்டுவேன். இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் உள்ளே இழுத்துக்கொள்ள மாட்டாள். "ஜெயிச்சுட்டா!" என்பார், டிப்போ பக்கம் என்று எங்கள் வீட்டு மாடி அறைக்கே குடிவந்துவிட்ட மாமா.

தொப்புள் கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு காசை வைத்துத் துணியால் கட்டினார்கள். அழுகிற அபூர்வமான நேரங்களில் குரல் கரகரவென்று வந்தது; பாட்டு வாத்தியார் தொண்டை என்றோம். கை கால் எப்போதும் ஜில்லென்று இருந்தது. சித்திரை வெயிலில், ஊரே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கையில், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு ஜீவன் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நான் அவள் பாதத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டின் கண்காணிப்பு முழுக்க என்மேல்தான் இருந்தது. பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். அம்மா உடனே மயிலாப்பூர்க் கோயிலுக்கு இழுத்துப் போய் என் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தாள். தொண்டையில் மீன்முள் சிக்கியது. கையில் கயிறு கட்டினார்கள். ஒரு முறை கடையில் கத்தரிக்கோல் விரலில் பட்டது. அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் திருவொற்றியூர்க் கோயில்வரை நடக்க வைத்திருப்பார்கள். அவள் நட்சத்திரத்துக்கு யாரும் ஒரு அர்ச்சனையும் செய்யவில்லை. அவளுக்கு என்ன குறை, சமத்து.

*

வயது ஒன்று நிறைவதற்குள் காது குத்த நாள் பார்த்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மனையில் உட்கார்ந்தேன். அவளை மடியில் வைத்தார்கள். உட்காரவில்லை, சரிந்தாள். நிமிர்த்திப் பிடித்தேன். தலை என் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. ஆசாரி குத்தும்போது அந்தக் கரகரப்பில் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். இரண்டாவது காதைக் குத்துவதற்குள் கண் சொருகிவிட்டது.

"மாமன் மடின்னா அவ்ளோ தைரியம்!" என்று யாரோ சொல்ல, நான் வழக்கம்போல, "என் மடியில உக்காந்தா எல்லாருக்கும் தூக்கம் வரும். கடையில கேட்டுப் பாருங்க" என்றேன். கூடம் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. பந்தி முடிந்ததும் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். துணி உலர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், வண்டில டெய்லி எத்தினி கொயந்தைங்களப் பாக்குறேன். டிக்கெட்டப் புடுங்குதுங்க, பையில கைய விடுதுங்க, விசில வாயில வெச்சுக்கினு குடுக்க மாட்டேன்னுதுங்க. நம்ம பாப்பா கையில டிக்கெட்டு குட்த்தா கீய வுட்டுடுது மச்சான்."

"பொண்ணு மாமா. அடக்கமா இருக்கா."

"ஜோக்கு வாணாம்டா" என்றார்.

அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அடையாறில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். மாமா, அக்கா, நான். அந்த டாக்டரம்மா குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டார். "மலச்சிக்கல் உண்டா?" என்றார். "அழுகை இப்படித்தானா? காமாலை ரொம்ப நாள் இருந்துச்சா?" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா "ஆமா டாக்டர்" என்று சொல்லச் சொல்ல, அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தோம். அத்தனையும் சேர்ந்து ஒரே நோய் என்பது அவருக்கு ரத்தம் எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பரிசோதனையும் அதையே சொன்னது.

தைராய்டு. கழுத்துக்குள்ளே இருக்கும் சுரப்பி. அது சுரக்க வேண்டியதை இவளுக்குப் பிறவியிலிருந்தே சுரக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கழுத்துக்கு வெளியே சுற்றியிருந்ததைப் பார்த்து அலறினோம். கழுத்துக்குள்ளே பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"மாத்திரை இருக்கு. தினம் காலையில ஒண்ணு, வெறும் வயித்துல. ஆயுசுக்கும் குடுக்கணும். வளருவா, நடப்பா, இந்தச் சோர்வு போயிடும்" என்றார் டாக்டர்.  "ஆனா மூளை வளர்றதுக்கு இந்தச் சுரப்பு ரொம்பத் தேவைப்படறது பொறந்த முதல் சில மாசம். அது போயிடுச்சு. அத என்னால திருப்பிக் குடுக்க முடியாதும்மா."

 மாமாதான் கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, டாக்டர்?"

"பொறந்த மூணாம் நாள் குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியும். உடனே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா மத்த குழந்தைங்க மாதிரியே இருந்திருப்பா."

"அப்ப ஏன் எடுக்கல?"

"வெளிநாட்டுல பொறக்கற எல்லாக் குழந்தைக்கும் எடுக்கறாங்க. இங்க இன்னும் அந்தப் பழக்கம் வரல சார்."

இங்கே என்ன பழக்கம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நான் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். வீட்டில் எனக்காக வெண்கலக் கிண்ணம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா குழந்தையின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கட்டை விரலால் அந்த இடத்தையே தடவிக்கொண்டு. திரு.வி.க. பாலம் வந்தது, ஆறு நாறியது, யாரோ ஜன்னலை மூடச் சொன்னார்கள். அவள் தடவுவதை நிறுத்தவில்லை.

*

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் வீட்டில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அழுகை. பசித்தால் அழுதாள். ஈரமானால் அழுதாள். தெரு முனைவரை கேட்கும்படி அழுதாள். மீன்காரம்மா கூடையோடு ஓடி வந்து, "இன்னாச்சு, இன்னாச்சு?" என்றார். "அழறா!" என்றாள் அக்கா, பரிசு வாங்கிய மாதிரி. மீன்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கை கால் சூடானது. நாக்கு உள்ளே போய்விட்டது. நான் என் நாக்கை நீட்டிவிட்டு எதிரில் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்தாள். காக்காய்க்கு இல்லை, குக்கருக்கு இல்லை, மேனேஜர் தும்மலுக்கும் இல்லை. நான் ஏதோ நினைப்பில் சமையலறைக்குள் நுழையும்போது நிலைப்படியில் நெற்றி இடித்து, "அய்யோ!" என்று உட்கார்ந்துவிட்டேன். பாயில் கிடந்தவளிடமிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். மறுபடி 'ஹக்'. வாய் திறந்து, ஈறு தெரிய.

"இன்னொரு தபா இடி மச்சான்!" என்று கத்தினார் மாமா.

இடித்தேன். சிரித்தாள். மறுபடி இடித்தேன். அன்று சாயங்காலம் என் நெற்றியில் ஒரு எலுமிச்சம்பழம் முளைத்திருந்தது. அம்மா அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, வழக்கம்போல, "கொடி சுத்திப் பொறந்தவ..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் டாக்டர் சொன்னது சரியாகவே இருந்தது. உடம்பு வளர்ந்தது, மற்றது பின்னாலேயே நடந்து வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தெருவில் ஓடும்போது இவள் சுவரைப் பிடித்து நின்றாள். அவர்கள் பள்ளிக்கூடப் பாட்டுப் பாடும்போது இவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "ரைட்." மாமா பஸ்ஸில் சொல்லும் ரைட். பால் வேண்டுமென்றாலும் ரைட், வேண்டாமென்றாலும் ரைட். மாமா டியூட்டி முடிந்து வந்து, "ஏறு ஏறு, சைதாப்பேட்ட, சைதாப்பேட்ட!" என்று அவளைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவள் "ரைட்" என்பாள். கூடத்தைச் சுற்றி வண்டி போகும்.

*

இரண்டாவது குழந்தை வேண்டாம் என்றுதான் அக்கா இருந்தாள். சொந்தத்தில் கட்டியதால் அடுத்ததற்கும் வர வாய்ப்பு உண்டு என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். அதைச் சொன்ன அன்று மாமாவும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள். பிறகு சில வருஷம் கழித்து, யாரும் திட்டமிடாமல், அது நடந்துவிட்டது. எங்கள் வீட்டில் திட்டமிட்டு நடந்தது எண்ணெய்ச் சடங்கு ஒன்றுதான்.

"இந்தத் தடவை மூணாம் நாளே பாத்துடலாம். இருந்தாலும் பயமில்ல. நேரத்துல தெரிஞ்சாப் போதும்" என்றார் டாக்டர். தடித்த காகிதம் ஒன்று கொடுத்தார். அதில் வட்டங்கள் போட்டிருந்தன. குதிகாலில் குத்தி, ரத்தத்தை வட்டம் நிரம்ப ஊற விட்டு, நன்றாகக் காய வைத்து, ஈரம் படாமல் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்தால் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

ஐப்பசி அடைமழையில் பையன் பிறந்தான். கொடி சுற்றவில்லை. அறைக்கு வெளியே என்னை யாரும் தேடவில்லை. அவன் போட்ட கூச்சல் ஆழ்வார்பேட்டை சிக்னல்வரை கேட்டிருக்கும். அம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்றாம் நாள் நர்சம்மா ஊசியோடு வந்தபோது அம்மா குறுக்கே நின்றாள்.

"நேத்துப் பொறந்த பிள்ளை கால குத்துறதா? எப்டி அழறான் பாரு. மஞ்சளும் இல்ல ஒண்ணும் இல்ல. இவனுக்கு என்ன வந்துது?"

அக்கா படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"அவ அழல. சமத்துன்னு சந்தோஷப்பட்டோம். இவன் அழறான். அதுக்கும் சந்தோஷப்படறோம். நாம எதுக்குமா சந்தோஷப்படாம இருந்திருக்கோம்?" என்றாள். பிறகு, "குத்துங்க சிஸ்டர்" என்றாள்.

அம்மா நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

காகிதத்தைக் காய வைக்கும் பொறுப்பு என்னுடையது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பனியன் காய்வதற்கே இரண்டு நாள் ஆகும். மேஜைமேல் வைத்து, ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு, யாராவது தும்மினால் முறைத்துக்கொண்டு, கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மெல்லப் பழுப்பானது. ஒரு எவர்சில்வர் டப்பாவை நன்றாகத் துடைத்து அதில் வைத்து, டப்பாவை எங்கள் கடைப் பையில் சுற்றி, பையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மாமாவின் வண்டிதான். அதற்காகவே இரண்டு வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தேன்.

சட்டைக்குள் வயிறு புடைக்க நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர், "இன்னா நைனா, புள்ளத்தாச்சியா? உக்காரு உக்காரு" என்றார். பஸ்ஸே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் வலி வந்தது மாதிரி நடித்தே காட்டியிருப்பேன்.

மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பயணிகளிடம் வள்ளென்று விழுகிறவர், அன்று என்னிடம் எச்சில் தொட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"எனக்கு எதுக்கு மாமா டிக்கெட்?"

"உனக்கு இல்ல மச்சான். எம்புள்ளைக்கு" என்றார், என் சட்டைப் பக்கம் பார்த்து. "மொத தபா என் வண்டில வர்றான்." பிறகு திரும்பிக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத!" என்று யாருமில்லாத படியைப் பார்த்துக் கத்தினார்.

*

முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். கடைத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். அந்த நாட்களில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் துணியைக் கோணலாகக் கிழித்தேன்.

அழைப்பு வந்தபோது என் எதிரில் ஒரு மயிலாப்பூர் மாமி நின்றிருந்தார். கையில் ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்க்க ஒரு பட்டுப்புடவை. "இது இல்லப்பா, இன்னும் கொஞ்சம் கிளிப்பச்சை. ஆத்துல போய் வெளிச்சத்துல பாத்தா வேற மாதிரின்னா தெரியறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் கூப்பிட்டார். போய் எடுத்தேன்.

"வந்துடுச்சுப்பா. அதேதான்" என்றார் டாக்டர். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை ரத்தம் பாத்துட்டு உடனே ஆரம்பிச்சிடலாம். பயப்படாதீங்க. சரியான நேரத்துல புடிச்சிட்டோம். நல்லா வருவான்."

திரும்பி வந்து கிளிப்பச்சையை எடுத்து அளந்தேன். "என்னப்பா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா? மொகம் ஒரு மாதிரி இருக்கே" என்றார் மாமி.

"இல்ல மாமி. எங்க அக்கா பையன் நல்லா வருவானாம்" என்றேன்.

"அதுக்கா அழறே?"

  துணியை மடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா மாடி அறையில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாப்பா ஒரு பழைய டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கா?"

"இருக்கு. ஆனா நேரத்துல..."

"தெரியும்" என்றாள். "நல்லதுடா. தெரிஞ்சுடுச்சில்ல."

பையனின் குதிகாலில் ஊசி குத்திய இடம் சின்னப் புள்ளியாக இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, டிக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த பாப்பாவின் காலைப் பிடித்து இழுத்து, அவள் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று, ஒரு புள்ளியும் இல்லாமல் இருந்தது. அப்போதுதான் அழுதாள். பையனுக்காக இல்லை. அவனுக்காக அழ வேண்டியதில்லை என்று ஆன பிறகு, அத்தனை வருஷமும் உள்ளே வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "இவ்ளோதான்டா. இவ்ளோண்டு புள்ளிடா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பாப்பா காலை உருவிக்கொள்ளவில்லை. அம்மா ஏன் அழுகிறாள் என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு டிக்கெட்டை எடுத்து அம்மா கையில் வைத்து, "ரைட்" என்றாள்.

*

பையன் எட்டு மாதத்தில் உட்கார்ந்து, முதல் பிறந்த நாளுக்குள் நிலையைப் பிடித்து நின்றான். இரண்டு வயதில் அவன் பேச ஆரம்பித்தபோது அடைக்க ஆளில்லை. மாமன் ஜாடை என்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நான் நிலைப்படிக்குக் கிட்டே போனாலே நெற்றியில் கைவைத்துக்கொண்டு முன்கூட்டியே சிரிப்பான். அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாக, பாப்பாவும் சிரிப்பாள். அந்த ஒரு மூச்சு இடைவெளியில்தான் நான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன்.

ஒருநாள் அவள் தலைகீழாகப் பிடித்திருந்த படப் புத்தகத்தை அவன் வாங்கி நேராகத் திருப்பி அவள் மடியில் வைத்தான். சும்மா, செருப்பைத் திருப்பி வைக்கிற மாதிரி. வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். கூடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமா எழுந்துபோய்ச் சட்டைப்பையில் இல்லாத விசிலைத் தேடினார்.

காலையில் இரண்டு பேருக்கும் ஒரே புட்டியிலிருந்துதான் மாத்திரை. அக்கா தம்ளரோடு வந்தால் பாப்பா முதலில் வாயைத் திறப்பாள். அவள் திறந்தால்தான் தம்பியும் திறப்பான். அதில் அவள்தான் பெரியவள். விழுங்கியாயிற்றா என்று பார்க்க அக்கா, "எங்க, நாக்கக் காட்டு" என்பாள். இருவரும் காட்டுவார்கள். பையன் உடனே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

பாப்பா ஓட மாட்டாள். அந்த நாக்கோடு மெதுவாக என் பக்கம் திரும்புவாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மாமனைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, இன்னும் கொஞ்சம் நீட்டுவாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு என்னுடையதை நீட்டுவேன். யார் முதலில் உள்ளே இழுப்பது என்று நிற்போம். பஸ் போய்விடும், மேனேஜர் தும்முவார், இருக்கட்டும். நான்தான் தோற்பேன்.